டியூபாவுக்கு வந்த வாழ்வு

சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் பின்வரிசை பித்தளைக்காரர்களின் முக்கிய வேலை காத்திருப்பது. துவோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்பொனி முக்கால் மணி நேரம் ஓடும். அதில் பித்தளை வாத்தியங்களிலேயே பெரியதும் தாழ்ந்த குரல் கொண்டதுமான டியூபாவுக்கு மொத்தமே 14 ஸ்வரங்கள்தான். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் டிரோம்போன்காரர்கள் கடைசிப் பகுதி வரும்வரை வாயே திறக்க முடியாது.

பிராஸ் குயின்டெட், அதாவது ஐந்தே பித்தளை வாத்தியக்காரர்கள் கொண்ட குழு என்ற வடிவம் வளர்ந்ததற்கு இந்தச் சலிப்பு பாதிக் காரணம் என்பது என் கட்சி. 1951-ல் லண்டனில் தனிக்குழு தொடங்கிய பிலிப் ஜோன்ஸ் ஆர்க்கெஸ்ட்ராக்களில் டிரம்பெட் வாசித்தவர். 1954-ல் நியூயார்க் பிராஸ் குயின்டெட், 1960-ல் அமெரிக்கன் பிராஸ் குயின்டெட், 1970-ல் டொராண்டோவில் கனேடியன் பிராஸ் என்று அடுத்தடுத்து வந்தார்கள். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிரோம்போன், ஒரு டியூபா. நடத்துநர் கிடையாது.

குழு சேர்ந்தாயிற்று. எதை வாசிப்பது? வெனிஸ் சான் மார்கோ தேவாலயத்துக்காக இசையமைப்பாளர் காப்ரியேலி எழுதியவை உண்டு. ஆனால் அவை 1597 வாக்கில் வேறு வாத்தியங்களுக்கு எழுதியவை. வால்வு வைத்த டிரம்பெட்டும் ஹார்னும் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. மொசார்ட்டும் பீத்தோவனும் இந்த ஐவருக்கென்று ஒன்றும் விட்டுப் போகவில்லை. கைகொடுத்தவர்களில் ஒருவர் விக்டர் எவால்ட். பீட்டர்ஸ்பர்க்கில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர், ஓய்வு நேரத்தில் செல்லோ. அவருடைய முதல் குயின்டெட் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? டியூபா தனியாகப் பாடுகிறது! மற்ற நால்வரும் அதன் பின்னால்தான் வருகிறார்கள். அந்த 14 ஸ்வரங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

இனி வம்புக்கு வருகிறேன். கனேடியன் பிராஸைப் பிடிக்காத ஆள் கிடையாது. கறுப்புக் கோட்டு, வெள்ளை ஷூ, பாட்டுக்கு நடுவே ஜோக். அந்த ஜோக்குக்குப் பின்னால் தொழில் ரகசியமும் இருக்கிறது: பித்தளை வாத்தியத்தில் முதலில் களைப்பது உதடு. வயலின்காரரைப் போல இடைவிடாமல் வாசித்துத் தள்ள முடியாது. பேச்சு நீளும் நேரத்தில் உதட்டுக்கு ஓய்வு. கெட்டிக்காரர்கள்!

அரங்கை நிரப்பியது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்துக் கிளம்பிய குழுக்கள் பலவற்றுக்கு பாக்கின் ஆர்கன் ஃபியூக், கொஞ்சம் ஜாஸ், கிறிஸ்துமஸ் பாட்டு என்று வேறெதற்கோ எழுதியவற்றின் மாற்றியமைப்புகளிலேயே கச்சேரி முடிந்துவிடுகிறது. இரவல் நகை எத்தனை நாளைக்கு? அமெரிக்கன் பிராஸ் குயின்டெட் போன பாதைதான் சரி என்பேன். டியூபாவுக்குப் பதில் பாஸ் டிரோம்போன் வைத்துக்கொண்டு (இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை), இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடித்துப் புதிதாக எழுத வைத்தார்கள். கூட்டம் குறைவுதான். ஆனால் இன்று மாணவர்கள் வாசிக்கும் உருப்படிகளில் பல அப்படிப் பிறந்தவை.

"இதில் ஸ்ட்ரிங் குவார்டெட் (வயலின் வகை வாத்தியக்காரர் நால்வர் குழு) அளவு ஆழம் எங்கே?" என்பவர்கள் மால்கம் ஆர்னால்டின் 1961 குயின்டெட்டைக் கேளுங்கள். அவரும் லண்டன் பில்ஹார்மோனிக்கில் டிரம்பெட் வாசித்தவர்தான். நியூயார்க் குழுவுக்காக எழுதியது. மூன்றே பகுதிகள், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவசரமென்றால் நடுவில் வரும் ஷக்கோன் (ஒரே அடிப்படை திரும்பத் திரும்ப வர, அதன்மேல் இசை மாறிக்கொண்டே போகும் வடிவம்) மட்டுமாவது கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.