அப்டேட் போட விட்டாத்தானே
ஆஸ்பத்திரிக்காரங்க சோம்பேறித்தனத்துலதான் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடறதில்லன்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, பாதிதான் சரி. நான் பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன், ரத்த டெஸ்ட் மெஷினோட கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7தான், 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிடுச்சு, நாங்களா எதையாவது போட்டா வாரண்டி போயிடும்ங்குறான் மெஷின் கம்பெனிக்காரன், புதுசு கேட்டா மேனேஜ்மென்ட் மூச்சே விடாது. மானிட்டர்ல 'அப்டேட் பண்ணாதீங்க'ன்னு கன்னடத்துல ஸ்டிக்கர் வேற, அதுக்குக் கீழயே பாஸ்வேர்டும்! 2017ல கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நுழையுற ஓட்டையை அடைக்க மார்ச்லயே பேட்ச் (அப்டேட்) வந்தாச்சு, மே மாசம்தான் இங்கிலாந்து ஆஸ்பத்திரிங்க மாட்டுச்சு. டெல்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர்ல சைபர் தாக்குதல்ல சர்வர் படுத்தப்ப எல்லாம் கையாலதான் எழுதினாங்க. அந்த மெஷினையாவது தனி நெட்வொர்க்ல போடுப்பான்னு ஐடி பையன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு, இன்னும் அதே லைன்லதான் ரிசப்ஷன்ல யூடியூப் ஓடுது.