ஃப்ராப்பார் தகுதியோடுதான் வந்தார்

2022 கத்தார் ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபனி ஃப்ராப்பார் என்ற பெண்ணை நடுவராகப் போட்டது "பெண்களுக்கு ஒரு இடம் கொடுக்கத்தான், தகுதி பார்க்கவில்லை" என்று சிலர் சொல்வது தவறு. கோஸ்டா ரிகா–ஜெர்மனி ஆட்டத்துக்கு அவர் திடீரென்று வந்துவிடவில்லை. 2019-இல் லிவர்பூலும் செல்சியும் மோதிய ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 2020-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், 2022 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம், இந்த ஆண்கள் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் விசில் பிடித்தவர். அப்புறம், ஆண்கள் ஆட்டத்தை நடத்த வரும் பெண், ஆண் நடுவர்களுக்கான அதே உடற்தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும்.

அந்த உலகக் கோப்பைக்குத் தேர்வான 36 நடுவர்களில் பெண்கள் 3 பேர்தான். 1930-இல் தொடங்கிய போட்டியில் 92 ஆண்டுகள் ஒரு பெண்கூட நடுவராக நிற்கவில்லை. பாரபட்சம் என்றால் எனக்கு உறுத்துவது அதுதான்.