சிபிடி எண்ணெய்: அமெரிக்கா அனுமதித்தது எதற்கு?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில், கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி (கன்னாபிடியால்) என்ற வேதிப்பொருளைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "கஞ்சாச் செடியின் சிபிடி எண்ணெயை நாக்கடியில் இரண்டு சொட்டு விட்டால் சர்க்கரை, மூட்டுவலி, புற்றுநோய், வலிப்பு எல்லாம் தீரும். பக்கவிளைவே இல்லை. அமெரிக்க அரசே அனுமதித்துவிட்டது. வலிப்பு மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்."

இதில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பது வலிப்பில் மட்டும்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தை அனுமதித்தது. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு. 2020இல் டியூபரஸ் ஸ்க்லீரோசிஸ் என்ற மரபணு நோய் சார்ந்த வலிப்பும் சேர்ந்தது. அங்கும் அது வலிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை.

அந்த மருந்தின் அளவைப் பாருங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். எபிடியோலெக்ஸில் அது 2 மில்லிலிட்டர், ஏறத்தாழ 40 சொட்டு. இரண்டு சொட்டு எந்த மூலைக்கு?

சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ இது மருந்து என்பதற்கு நிரூபணம் இல்லை. புற்றுநோய் தீரும் என்று விற்ற நிறுவனங்களுக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மூட்டுவலியிலும் உறுதியான முடிவு கிடைக்கவில்லை.

பக்கவிளைவு உண்டு. கல்லீரல் நொதிகள் உயரலாம், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுவோருக்குக் கூடுதலாக. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் ஏறும். மாத்திரைப் பெட்டியோடு வாழும் மயிலாப்பூர்த் தாத்தாக்கள் கவனிக்கவும்.

எல்லாவற்றிலும் கொடுமை அந்தக் கடைசி வரி. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம்.