1806-இல் சுட்ட துப்பாக்கியில் 1808 சிங்கம்

வேலூர்ப் புரட்சித் துப்பாக்கி என்று ஒன்றை ஏலம் விட்டார்களே, அதைப் பற்றி இனி வாயே திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதே ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு அனுப்பி, "உங்க ஊர்ப் பெருமை லட்சக்கணக்குல போயிருக்கு, நீங்க மட்டும் ஏன் சார் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபிறகு முடியவில்லை.

"வேலூர்ப் புரட்சியில் சிப்பாய் ஏந்திய ரைபிள்." படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லாக் தகட்டில், அதாவது சுடும் விசை பொருத்திய பக்கத் தகட்டில், பின்னங்காலில் எழுந்து நிற்கிற சிங்கம் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் 1808 வரை அடித்தது நாலாகப் பிரித்த இதயக் குறி. சிங்கம் வந்தது அதற்கப்புறம். கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. நான் கேட்டது இவ்வளவுதான்: ரெண்டு வருஷம் கழித்து வந்த சிங்கம் அன்றைக்கு எப்படிக் கோட்டைக்குள் வந்தது?

பதில் வந்தது. "லேத் பட்டறைக்காரனுக்கு வரலாறு எதுக்கு?"

நல்ல கேள்வி. பேராசிரியர் கேட்டால் ஆராய்ச்சி, பட்டறைக்காரன் கேட்டால் பொறாமை. ஆனால் அந்தச் சாமான் இரும்புங்க. இரும்பைப் பற்றிப் பட்டறைக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது?

எங்க நைனா லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒடுகத்தூர், அமிர்தி பக்கமிருந்து பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் ஒற்றைக்குழலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினால் பாதி துருவோடுதான் வரும். அப்படி ஒருத்தர், தன் பாட்டனுக்கு ஆற்காடு நவாப்பே கையால் கொடுத்தது என்று ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நைனா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டையிலிருந்து குழலைக் கழற்றினார். ஜீப் ஸ்டியரிங் ராடு. நவாப் காலத்தில் ஜீப் ஏது? நைனா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அந்த ஆள் கூலியை மேஜையில் வீசிவிட்டுப் போனவர்தான், அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. "கதைய கேக்காதடா, கழட்டிப் பாரு" என்று நைனா எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

நானும் அதையேதான் சொல்கிறேன். கழற்றிப் பாருங்கள். ஸ்க்ரூத் தலையில் காடி எப்படி வெட்டியிருக்கிறது, கையால் அரம் போட்டதா, மெஷினா? குழலைத் தூக்கினால் அது உட்கார்ந்த மரம் கறுத்துப் பழுப்பேறி இருக்கிறதா, நேற்று செதுக்கியது மாதிரி பளிச்சென்று இருக்கிறதா? சிக்கிமுக்கிக் கல்லால் சுட்ட துப்பாக்கியில், உள்ளே மருந்துக்கு நெருப்பு போகிற பற்றுத்துளை ஓரம் நெருப்பு தின்று அகன்றிருக்கும். கல் உரசிய இரும்பில் கீறல் இருக்கும். வெளியே தெரிகிற கறுப்பை மட்டும் நம்பாதீர்கள். தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், கடுக்காய்த் தண்ணீர் பட்டால் இரும்பு என்ன நிறமாகும் என்று. நாலு நாள் ஊறப்போட்டால் நூறு வயசு ஏறிவிடும்.

இது நம்மூர் வித்தை மட்டுமில்லை. கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த போலி மார்ட்டினி ரைபிள்களில் விக்டோரியா ராணியின் முத்திரை இருக்கும், பக்கத்திலேயே ராணி செத்த 1901-க்குப் பிந்திய வருஷமும் இருக்கும். ஆங்கில 'என்' கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கும். செய்தவனுக்கு எழுத்து தெரியாது. வாங்கியவனுக்குமா தெரியாது?

"லாக் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே?" மாற்றியிருக்கலாம், நடக்கிற காரியம்தான். அப்படியானால் குழலில் உள்ள குறியைக் காட்டட்டும். அதற்குப் படமே போடவில்லை.

"வெளிநாட்டில் திப்புவின் துப்பாக்கி கோடிக்கணக்கில் போகிறதே, அதற்கு மட்டும் ஆதாரம் கேட்டாயா?" ஐயா, திப்புவின் துப்பாக்கியில் புலி முகம் இருக்கும், ஹைதர் பெயர் முத்திரை இருக்கும், அவர் தொடங்கிய மௌலூதி வருஷக் கணக்கே இருக்கும். சாமானே சாட்சி சொல்லும். வேலூர்ச் சிப்பாயின் கையில் இருந்தது கம்பெனி கொடுத்த துப்பாக்கி. அன்றைக்குச் சுட்டதும் சுடாததும் ஒரே வார்ப்பு. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கிய பிறகு, பிடுங்கியதெல்லாம் கம்பெனிக் கிடங்குக்குத்தானே போயிருக்கும்? இதில் ஒன்றை மட்டும் "புரட்சித் துப்பாக்கி" என்று தனியாக எடுத்துவைத்த புண்ணியவான் யார்?

சான்றிதழ் இருக்கிறதாம். ஹாலோகிராம் ஒட்டியதாம். அதே ஏல அறிவிப்பில் கடைசி வரியை யாராவது படித்தீர்களா? "இருக்கிற நிலையில் இருக்கிறபடி." விற்கிறவனுக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? இதில் "இன்னும் சுடும்" என்று பெருமை வேறு. 1959 ஆயுதச் சட்டம் சும்மா விடுவது ரிப்பேர் பார்த்தாலும் சுடமுடியாத பழசைத்தான். சுடும் என்றால் லைசென்ஸ் எங்கே என்று கேட்பார்கள், பார்த்து.

எனக்கு வலித்தது "ஊர்த் துரோகி" என்ற வார்த்தை. நான் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்தவன். தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட மாட்டேன், தாடியை எடுக்க மாட்டேன், நெற்றிக் குறியை அழிக்க மாட்டேன் என்று நின்ற ஆட்கள் அவர்கள். பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பேரைச் சொல்லி எவனோ கடுக்காய்த் தண்ணீரை லட்சத்துக்கு விற்கிறான், கேட்ட நான் துரோகி! ஹார்ட்டின் விட்டவர்களில் எத்தனை பேர் ஜூலை 10 அன்றைக்கு வேலூர் மக்கானில் அவர்களுக்காக நிற்கிற நினைவுத்தூண் பக்கம் வந்திருக்கிறீர்கள்? சிக்னலில் நிற்கும்போது பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாங்கியவர் மேல் எனக்குக் கோபமில்லை. காசு அவருடையது, ஆசை அவருடையது. விற்றவருக்கு மட்டும் ஒன்று: லாக்கைக் கழற்றி உள்பக்கம் ஒரு படம், குழலைத் தூக்கி அடிப்பக்கம் ஒரு படம். அரைமணி நேர வேலை. ஸ்க்ரூ டிரைவர் இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம். அதற்கு முதலில் என்னை அன்பிளாக் செய்யணும்.