35 வயது வரம்பு என்பது தவறு

தம்பி, உளவியல் இளம் ஆய்வாளர் விருதுகளுக்கு 35 வயதைத் தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது, ஆகவே திருகோணமலைக்காரர் ஆசைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் ஒருவரின் வயதைப் பார்ப்பதில்லை. கலாநிதிப் பட்டம் பெற்றதிலிருந்து எத்தனை வருடம் என்றுதான் பார்க்கிறது. முதல் 10 வருடங்களைத் தொடக்க காலமாகக் கணக்கிடுகிறது. இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று படிப்பு இழுபட்டு, மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் 42 வயதில் பட்டம் முடித்தால் அவரும் தொடக்கநிலை ஆய்வாளர்தான். ஆனால் முதுமாணி மட்டும் முடித்தவருக்கு இந்தக் கணக்கே தொடங்குவதில்லை. அதை யாரும் சொல்லவில்லை! அப்புறம், விதிகள் விருதுக்கு விருது மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.