அரை லிட்டர் கணக்கு

அண்ணா, "ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் காலி" என்று போட்டிருக்கிறீர்கள். குன்னூரில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கிற எனக்கும் படித்ததும் பகீரென்றது. ஆனால் கணக்கு அப்படியில்லை. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரிவர்சைடு ஆய்வாளர்கள் சொன்னது, ஜிபிடி-3 என்ற ஏஐ தருகிற 10 முதல் 50 பதில்களுக்குச் சேர்த்து அரை லிட்டர். கணினிகளைக் குளிர்விக்கிற தண்ணீரோடு, அவற்றுக்கு மின்சாரம் தயாரிக்கச் செலவாகும் தண்ணீரும் அதிலேயே அடக்கம். ஃபார்வர்டு ஆகி ஆகி 50 ஒன்றாகிவிட்டது போல! 2025 ஆகஸ்டில் கூகுள் தன் ஏஐயான ஜெமினிக்குச் சொன்னது, சாதாரணமாக எழுதிக் கேட்கிற ஒரு கேள்விக்கு 0.26 மில்லி லிட்டர், ஐந்து சொட்டு. சரி, அது கம்பெனியே சொல்கிற கணக்கு, மின்நிலையத் தண்ணீரைச் சேர்க்காதது. அப்படியே இரண்டு மூன்று மடங்கு கூட்டினாலும் அரை லிட்டர் எங்கே? வறண்ட ஊரில் ஏஐ கணினிகள் ஓடுகிற டேட்டா சென்டர் கட்டுவதைத் தட்டிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.