ஃப்ரீசருக்குள் ஒரு போன்

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேலே ஃப்ரீசர் கதவு சரியாக மூடாமல் இருந்தது. உள்ளே ஐஸ் டிரேக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கவருக்குள், திரை எரிந்துகொண்டே ஒரு போன். அக்கா மகனுடையது. "மாமா, மூடிடுங்க மாமா, இன்னும் ரெண்டே நிமிஷம்!" என்று ஹாலிலிருந்து ஓடி வந்தான். போனின் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் பெஞ்ச்மார்க் ஆப்பான அன்டுடு ஓடிக்கொண்டிருந்ததாம்.

வெளியே வைத்து ஓட்டினால் 13 லட்சத்து 40 ஆயிரம் பாயிண்ட். ஃப்ரீசருக்குள் 14 லட்சத்து 60 ஆயிரம். ஸ்க்ரீன்ஷாட் உடனே நண்பர்கள் குழுவுக்குப் போய்விட்டது. "இனிமே போனை ஃப்ரீசர்ல வெச்சுத்தான் கேம் ஆடப் போறியா?" என்று கேட்டேன். முறைத்தான். (கவரையும் மீறித் திரையின் ஓரத்தில் ஈரம் கோத்திருந்தது. யாரும் இதை முயற்சி செய்யாதீர்கள்.)

அந்தக் கூடுதல் ஒரு லட்சத்து 20 ஆயிரம் எங்கிருந்து வந்தது? சிப் அதேதான், ஆண்ட்ராய்டும் அதேதான். சூடு மட்டும்தான் குறைந்தது. போனுக்குள் மின்விசிறி கிடையாது. சிப்பில் கிளம்பும் சூடு பின்பக்கம் வழியாக நம் உள்ளங்கைக்குத்தான் வந்தாக வேண்டும். சிப் முதல் சில நிமிடங்கள் தலைதெறிக்க ஓடும். சூடு எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான பெஞ்ச்மார்க் எண்கள் அந்த முதல் சில நிமிடத்துக் கதை. கீக்பெஞ்ச் என்ற இன்னொரு பெஞ்ச்மார்க் ஆப், ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் சில நொடி மூச்சு வாங்கவும் விடுகிறது. அதன் நோக்கம் தெளிவானது: சிப்பின் உச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. அதில் தப்பில்லை. அந்த உச்சத்தில்தான் நம் போன் நாள் முழுக்க இருக்கும் என்று நினைத்துக்கொள்வது நாம்.

அன்டுடுவில் எனக்கு இன்னொரு குறை. சிபியூ (பொதுக் கணக்குகள்), ஜிபியூ (கேம், கிராபிக்ஸ்), மெமரி, யூஎக்ஸ் (பயன்படுத்தும் அனுபவம்) என்று நான்கு மதிப்பெண்களைக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. கேமே ஆடாத ஒருவருக்கு அதில் ஜிபியூ கொண்டுவரும் பெரிய பங்கால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் மொத்தத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். கணக்கில் வாங்கிய நூறை வைத்துக்கொண்டு பாட்டுக் கச்சேரிக்கு ஆள் எடுக்கிற மாதிரி.

திருட்டு விளையாட்டு வேறு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு மட்டும் கரும்பலகை பளபளக்கும், நன்றாகப் படிக்கிற பையன்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4இன் எக்ஸினோஸ் (சாம்சங்கின் சொந்தச் சிப்) மாடலில் அதையேதான் கண்டுபிடித்தார்கள். ஜிபியூ மற்ற ஆப்களில் 480 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டாது. குறிப்பிட்ட சில பெஞ்ச்மார்க் ஆப்கள் வந்தால் மட்டும் 533க்கு ஏறும். அதற்கான நிரலுக்குள் 'பெஞ்ச்மார்க்பூஸ்டர்' என்றே ஒரு பெயர் கிடந்தது. ஒளித்து வைக்கக்கூட மெனக்கெடவில்லை. 2018இல் ஹுவாவேயின் சில போன்களை 3டிமார்க் என்ற பெஞ்ச்மார்க் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது.

2021, 2022இல் வந்தது இன்னும் சாமர்த்தியம். பெஞ்ச்மார்க்கை வேகப்படுத்துவதற்குப் பதிலாக மற்றதையெல்லாம் மெதுவாக்குவது. ஒன்பிளஸ் 9 ப்ரோவில் குரோம் போன்ற பிரபல ஆப்களுக்கு சிப்பின் வேகமான கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) கிடைக்காமல் மட்டுப்படுத்தியிருந்தார்கள். பெஞ்ச்மார்க் ஆப்களுக்கு அந்தத் தடை இல்லை. அப்புறம் கேலக்ஸி எஸ்22 வந்த சமயத்தில் சாம்சங்கின் ஜிஓஎஸ் (ஆப்களின் வேகத்தை மட்டுப்படுத்தும் மென்பொருள்) விவகாரம். சுமார் 10,000 ஆப்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளியே கசிந்தது. நெட்ஃபிளிக்ஸ், இன்ஸ்டாகிராம் எல்லாம் அதில் இருந்தன, பெஞ்ச்மார்க் ஆப்களைக் காணோம். சிலர் ஒரு காரியம் செய்தார்கள். பெஞ்ச்மார்க் ஆப்பின் உள்பெயரை மட்டும் கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் பெயராக மாற்றி ஓட்டினார்கள். அதே போன், அதே சோதனை, மதிப்பெண் மட்டும் தடாலென்று விழுந்தது. கீக்பெஞ்ச்காரர்கள் எஸ்10 முதல் எஸ்22 வரையான வரிசைகளைத் தங்கள் தரவரிசையிலிருந்து நீக்கினார்கள்.

சூட்டையும் பேட்டரியையும் காப்பாற்றத்தான் செய்தோம் என்று நிறுவனங்கள் சொன்ன விளக்கத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். பக்கம் உருட்டிப் படிப்பதற்கு உச்ச வேகம் தேவையில்லைதான். ஆனால் அதே நியாயம் பெஞ்ச்மார்க் ஆப்புக்கும் பொருந்தியிருக்க வேண்டாமா? பரீட்சை நடத்துகிறவர் உள்ளே வந்ததும் முகத்தை அடையாளம் கண்டு எழுந்து நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, இந்த ஏமாற்று எதுவுமே இல்லை, எண் முழுக்க நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் புகார் தீராது. நாம் போனுக்காகக் காத்திருக்கும் நேரங்களில் பெரும்பாலானவை சிப்புக்கான காத்திருப்பே இல்லை.

அம்மாவின் போன் உதாரணம். போன வருடம் "இது ரொம்ப மக்கர் பண்ணுதுப்பா, புதுசு வாங்கிக் குடு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேமராவைத் தொட்டால் கறுப்புத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். நான்கில்தான் படம் வந்தது. அதற்குள் பேத்தி போஸை மாற்றிவிட்டாள். பெஞ்ச்மார்க் ஓட்டினேன். வாங்கிய புதிதில் நான் குறித்து வைத்திருந்த எண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சிப் நலமாக இருக்கிறது, போன் நலமாக இல்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்தால் 64 ஜிபியில் 400 எம்பிதான் மிச்சம். காலை வணக்கப் படங்கள், பூ, விளக்கு, தெய்வங்கள், ஒரே வீடியோ ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து தடவை.

ஸ்டோரேஜ் சிப் நிரம்ப நிரம்ப, புதிதாக எழுத இடம் தேடிப் பழையதை ஒதுக்கி அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அங்கேதான் போன் திணறும். 2012இல் வந்த நெக்சஸ் 7 டேப்லெட்டை வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். சில மாதத்தில் நத்தையாகிப் போனது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 4.3இல் டிரிம் என்ற வசதி வந்து, அழித்த இடங்களை அவ்வப்போது ஒழித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. அம்மா போனில் 20 ஜிபி காலி செய்தேன். தெய்வங்களை மட்டும் அழிக்க அனுமதி கிடைக்கவில்லை. கேமரா தொட்டவுடன் திறந்தது. மறுபடி பெஞ்ச்மார்க் ஓட்டினேன்: கிட்டத்தட்ட அதே எண்.

திரை வழுக்கிக்கொண்டு போவதும் இப்படித்தான். நொடிக்கு 60 தடவை மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு காட்சியையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும், 120 ஹெர்ட்ஸில் 8.3க்குள். நூறில் தொண்ணூற்றெட்டு நேரத்துக்கு வந்து இரண்டு தவறினால் சராசரிக்கு ஒன்றும் ஆகாது, விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம், பின்னணி ஆப்களைக் கொல்லும் பழக்கம். நீண்ட விண்ணப்பம் ஒன்றைப் பிரவுசரில் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் புதிதாக லோடாகி, நிரப்பியதெல்லாம் காலி. 20 லட்சம் பாயிண்ட் வாங்கிய போனும் இதைச் செய்யும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெஞ்ச்மார்க் எல்லாம் பொய் என்கிற கட்சியில் நான் இல்லை. 3 லட்சத்துக்கும் 14 லட்சத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் நிஜம், கையில் எடுத்தாலே தெரியும். 14க்கும் 15க்கும் நடுவில் சண்டை போடுவதுதான் வீண். இந்த எண்கள் பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்த சம்பவமும் உண்டு. 2017 டிசம்பரில், ஐபோன் 6எஸ்ஸின் பழைய பேட்டரியை மாற்றியதும் கீக்பெஞ்ச் எண் ஏறியதாக ரெடிட்டில் ஒருவர் எழுதினார். கீக்பெஞ்ச்சை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் குவிந்திருந்த மதிப்பெண்களை ஐஓஎஸ் பதிப்பு வாரியாக வரைந்து பார்த்தார். பழைய பதிப்பில் ஒரே இடத்தில் குவிந்திருந்த எண்கள், 10.2.1க்குப் பிறகு கீழே பல இடங்களில் சிறு சிறு குன்றுகளாகப் பிரிந்து நின்றன. பேட்டரி தளர்ந்த போன்கள் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க வேகத்தைக் குறைக்கிறோம் என்று சில நாட்களிலேயே ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

அங்கே யாரும் ஐபோனை இன்னொரு போனோடு ஒப்பிடவில்லை. அதே மாடல், நேற்றும் இன்றும். காய்ச்சல்மானியை அப்படித்தானே வைத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரைவிட நமக்கு எவ்வளவு டிகிரி கூட என்று யாரும் பெருமை பேசுவதில்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டான். சரி என்று 3டிமார்க்கின் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டைப் போடச் சொன்னேன். ஒரு நிமிடச் சோதனையை 20 தடவை தொடர்ந்து ஓட்டும். ஃப்ரீசர் கூடாது, கவரைக் கழற்றக் கூடாது, வழக்கமாகக் கேம் ஆடுகிற சோபாவிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஏழாவது சுற்றிலிருந்து எண் இறங்க ஆரம்பித்தது. கடைசியில் ஸ்டெபிலிட்டி 61 சதவீதம். அதாவது, மிக மோசமான சுற்றின் எண், மிகச் சிறந்த சுற்றின் எண்ணில் 61 சதவீதம்தான். "அதான் மாமா பத்து நிமிஷத்துக்கு அப்புறம் மேட்ச்ல லேக் ஆகுது, நான் நெட்டுன்னு நெனச்சேன்" என்றான். அந்த ஸ்க்ரீன்ஷாட் குழுவுக்குப் போகவில்லை.

கிளம்பும் முன் அவன் போனை வாங்கி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5க்கு மாற்றிக் கொடுத்தேன், திரை அசைவுகள் பாதி நேரத்தில் முடிந்துவிடும். நான்கைந்து ஆப்களைத் திறந்து மூடிப் பார்த்தவன், "என்ன மாமா பண்ணீங்க, போன் பறக்குது!" என்றான். உடனே அன்டுடுவையும் ஓட்டிப் பார்த்தான். முன்பைவிட 3,000 குறைவு.